ரைன் கரையோரம்: தண்ணீர் வற்றிய ஆகஸ்ட் 2022

ஆகஸ்ட் 9, செவ்வாய் – ரோட்டர்டாம்

மகள் இங்கே வேலைக்கு வந்து செட்டிலாகிவிட்டாள். "ஈபிள் டவர், வெனிஸ் எல்லாம் பார்க்க வேண்டாமா அப்பா?" என்று ஆரம்பத்தில் கேட்டாள். முப்பது வருஷம் நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தியவனுக்கு டவரில் என்ன இருக்கிறது? ஐரோப்பாவில் சரக்கு எந்த வழியாகப் போகிறது, யார் கொண்டுபோகிறார்கள், வாடகை என்ன என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அதனால் ரைன் நதி கடலில் சேரும் இந்த ஊரிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாஸல் வரை, நதியை எதிர்த்து ரயிலில் மேலே போவதாக முடிவு செய்தோம்.

குளிர்தேசம் என்று சொன்னவர்களை இன்றைக்கு இங்கே நிற்க வைக்க வேண்டும். வெயில் 30 டிகிரியை ஒட்டி இருக்கிறது. வீட்டில் மின்விசிறி என்ற பொருளே கிடையாது. சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும்படிதான் வீடு கட்டுகிறார்கள். மேஜை விசிறி வாங்கப் போனால் கடையில் தீர்ந்துவிட்டதாம்.

சாயங்காலம் எராஸ்மஸ் பாலத்தடியில் உட்கார்ந்து படகுகளைப் பார்த்தோம். படகு என்று சொல்வது பொருத்தமில்லை. ஒவ்வொன்றும் 110 மீட்டர் நீளம், தண்ணீர் நன்றாக ஓடும் நாளில் 3000 டன் வரை ஏற்றலாம். நம் லாரிக்கு 25 டன் என்று வைத்தாலும் ஒரே படகில் 120 லாரிச் சரக்கு. பின்பக்கம் ஓட்டுபவரின் வீடு இருக்கிறது. ஒரு படகில் ஜன்னலுக்கு வெள்ளைத் திரைச்சீலை, கொடியில் காயும் குழந்தைத் துணி, மேல்தளத்தில் அவர்களுடைய கார். போய்ச் சேரும் ஊரில் காரை கிரேன் வைத்து இறக்கிக்கொள்வார்களாம். குடும்பத்தோடு லாரியில் போகும் டிரைவரை நானும் பார்த்திருக்கிறேன், கொடி கட்டித் துணி காயப்போட்டவரைப் பார்த்ததில்லை.

பச்சை ஹெர்ரிங் மீனை வெங்காயம் தூவிக் கொடுத்தார்கள், மூன்றரை யூரோ. யூரோ இப்போது 80 ரூபாய் சொச்சம். வாலைப் பிடித்து அண்ணாந்து சாப்பிட வேண்டும். மகள் சாப்பிட்டாள். நான் பக்கத்துக் கடையில் சுரிநாம் ரொட்டிக்குப் போய்விட்டேன். 1873-லிருந்து பீகார், உத்தரப் பிரதேசப் பக்கத்து ஆட்களை டச்சுக்காரர்கள் தென் அமெரிக்காவில் இருந்த தங்கள் காலனியான சுரிநாமுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். அவர்கள் வழி வந்தவர்கள் இன்று இங்கே உருளைக்கிழங்குக் கறியோடு ரொட்டி சுடுகிறார்கள். காரம் நன்றாகவே இருந்தது.

ஆகஸ்ட் 10, புதன் – மாஸ்ஃப்ளாக்டே

ரோட்டர்டாம் துறைமுகம் ஊரிலிருந்து கடல்வரை சுமார் 40 கிலோமீட்டர் நீளுகிறது. ஐரோப்பாவிலேயே பெரியது. மணல் அடைத்துப் பழைய நதிவாய் தூர்ந்துகொண்டே போனதால், 1872-ல் கடலுக்கு நேராக ஒரு புது வாய்க்கால் வெட்டினார்கள். அதில்தான் இன்றைக்கும் கப்பல் வருகிறது. கடைசி முனையான மாஸ்ஃப்ளாக்டே, கடலில் மணலைக் கொட்டி உண்டாக்கிய தரை. அதன் இரண்டாம் பகுதி 2013-ல்தான் திறந்தது. நான் நின்ற இடம் என் மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் கடல்.

வழியில் மேஸ்லாண்ட் தடுப்பு. வாய்க்காலின் இரண்டு கரையிலும் 210 மீட்டர் அகலத்தில் இரண்டு வெள்ளைக் கதவுகள் திறந்து கிடக்கின்றன. கடல் பொங்கினால் மிதந்து வந்து மூடிக்கொள்ளும். 1953 பிப்ரவரி வெள்ளத்தில் இந்த நாட்டில் 1836 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு கட்டிய அணைகள், தடுப்புகளின் வரிசையில் இது 1997-ல் முடிந்தது. நாட்டில் நான்கில் ஒரு பங்கு நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே. இவ்வளவு தண்ணீர் பயம் உள்ள நாடு, போன வாரம் அதிகாரபூர்வமாகத் தண்ணீர்ப் பற்றாக்குறை அறிவித்திருக்கிறது!

கன்டெய்னர் முனையத்தை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். கப்பலிலிருந்து கிரேன் இறக்கும் பெட்டியை வாங்கிக்கொண்டு வண்டிகள் ஓடுகின்றன. கேபினும் இல்லை, டிரைவரும் இல்லை. ஒன்று நின்று இன்னொன்றுக்கு வழிவிட்டுப் பிறகு நகர்கிறது. ஹாரன் சத்தமே இல்லை. 1993-லேயே இங்கே இதை ஆரம்பித்துவிட்டார்களாம். அந்த வருஷம் நான் டிரைவர் பேட்டா ஏற்றச் சொல்லி நடந்த ஸ்ட்ரைக்கில் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ் வரவில்லை. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டியிருந்த லிதுவேனியா லாரி டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அப்புறம் மகள் மூலமாகப் பேச்சு ஆரம்பித்தது. நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நிறுத்தியே ஆக வேண்டும், ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் என்பது பொது விதி, எல்லாம் வண்டியில் உள்ள கருவியில் பதிவாகும். வீட்டுக்குப் போய் எத்தனை நாளாச்சு என்று கேட்டேன். ஐந்து விரலைக் காட்டினார். நாளா வாரமா என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

ஆகஸ்ட் 11, வியாழன் – டூயிஸ்பர்க், ஜெர்மனி

எல்லை எங்கே வந்தது என்று தெரியவில்லை. போனில் குறுஞ்செய்தி வந்ததும்தான் ஜெர்மனி என்று தெரிந்தது. ஜெர்மன் ரயிலில் இன்னும் முகக்கவசம் கட்டாயம். எங்களிடம் துணிக் கவசம்தான் இருந்தது. எதிரே இருந்த பாட்டி கைப்பையிலிருந்து சரியான கவசம் இரண்டு எடுத்து நீட்டினார். காசு கொடுக்கப் போனதற்கு முறைத்தார்.

இந்தக் கோடைக்கு மூன்று மாதம் ஜெர்மனியில் ஒரு சலுகை. மாதம் 9 யூரோ கொடுத்தால் நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ், டிராம் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். விளைவு, பொங்கலுக்கு முந்தின நாள் கோயம்பேட்டில் பார்க்கும் கூட்டம். நின்றுகொண்டேதான் வந்தோம்.

டூயிஸ்பர்க்கில் ரூர் நதி ரைனில் சேருகிறது. உள்நாட்டுத் துறைமுகங்களில் உலகத்திலேயே பெரியது என்று பெயர். கடல் 200 கிலோமீட்டருக்கு அப்பால். ரோட்டர்டாமில் இறங்கும் இரும்புத்தாது, ஒரே தள்ளுகப்பலின் முன்னால் ஆறு தொட்டிகளாகக் கட்டப்பட்டு, ஒரு நடைக்கு 16,000 டன் வரை இங்கே உள்ள எஃகு ஆலைகளுக்கு வரும். சீனாவின் சோங்சிங்கிலிருந்து 2011 முதல் சரக்கு ரயிலும் இங்கேதான் வந்து நிற்கிறது.

ஆனால் இன்று பார்த்தது வேறு. கரைப் படிக்கட்டில் வழக்கமாக முங்கியிருக்கும் படிகள் பாசி காய்ந்து வெள்ளையாக வெளியே தெரிந்தன. சேற்று நாற்றம். போன படகுகள் எல்லாம் பாதிகூட ஏற்றாமல் தண்ணீருக்கு மேல் உயர்ந்து நின்று போயின. குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலையில் பனி குறைவு, வசந்தத்திலிருந்தே மழை இல்லை. நேற்று நள்ளிரவோடு ரஷ்ய நிலக்கரிக்கும் தடை வந்துவிட்டது. இனி கரி கொலம்பியா, தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா என்று எங்கிருந்தோ ரோட்டர்டாமுக்கு வந்து, இதே வற்றிய நதியில்தான் மேலே போக வேண்டும். ரஷ்ய எரிவாயு குறைந்துவிட்டதால் கரி மின்நிலையங்களுக்கு இப்போதுதான் மறுபடி வேலையும் வந்திருக்கிறது. எல்லாம் ஒரே சமயத்தில்.

கறிவுர்ஸ்ட் சாப்பிட்டேன். வறுத்த சாசேஜை நறுக்கி, தக்காளி சாஸ் ஊற்றி, மேலே மசாலாப் பொடி தூவுகிறார்கள். ஐந்து யூரோ. கறி மசாலா என்று சொன்னால் நம்பிவிடக் கூடாது.

ஆகஸ்ட் 12, வெள்ளி – எஸ்ஸென்

சோல்ஃபெராய்ன் நிலக்கரிச் சுரங்கம். 1932-ல் திறந்த 12-ஆம் எண் குழி ஒரு நாளைக்கு 12,000 டன் கரி எடுத்தது. 1986 டிசம்பரில் மூடினார்கள். இப்போது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். கரி கழுவும் கூடம் அருங்காட்சியகம் ஆகிவிட்டது. ஆரஞ்சு வெளிச்சம் போட்ட எஸ்கலேட்டரில் கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டே மேலே போகிறது. ஜெர்மனியின் கடைசிக் கருங்கரிச் சுரங்கம் பக்கத்து ஊரான பாட்ராப்பில் 2018 டிசம்பரில் மூடப்பட்டது.

சுரங்கம் மூடினால் செலவு முடிந்தது என்றுதான் நான் நினைத்திருப்பேன். இங்கே கதையே அப்புறம்தான். ஒன்றரை நூற்றாண்டு தோண்டியதில் தரை சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல் அமுங்கிவிட்டது. பள்ளமான ஊர்களில் பம்பு வைத்துத் தண்ணீரை இறைக்காவிட்டால் பெரும்பகுதி ஏரியாகிவிடும். சுரங்கத்தில் ஊறும் நீரையும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்றால், கடைசி தேதி கிடையாது. அதற்கென்று தனி அறக்கட்டளை வைத்துப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

எம்ஷர் ஆற்றின் கதையும் இதோடு சேர்ந்தது. தரை அமுங்கிக்கொண்டே இருந்ததால் மண்ணுக்கடியில் சாக்கடைக் குழாய் போட்டால் உடைந்துவிடும். அதனால் நூறு வருஷத்துக்கும் மேலாக ஒரு முழு ஆற்றையே திறந்த சாக்கடையாக ஓடவிட்டார்கள். சுரங்கங்கள் நின்று தரை அசையாமல் ஆன பிறகு, 1992-ல் ஆரம்பித்து, 51 கிலோமீட்டருக்கு நிலத்தடிக் குழாய் போட்டு, 2021 கடைசியில்தான் கழிவுநீர் முழுக்க நின்றது. நாங்கள் போனபோது கரையில் சைக்கிள்காரர்கள். தண்ணீர் கொஞ்சம்தான், நாற்றம் இல்லை. பணக்கார நாட்டுக்கும் ஒரு ஆற்றைத் திரும்ப வாங்க முப்பது வருஷம் ஆகியிருக்கிறது.

கழிவறைக்கு ஒரு யூரோ. சில்லறைதான் வேண்டுமாம். இதைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 13, சனி – ஹாம்

ரூர் பகுதியின் கிழக்கு ஓரம். தொழிற்பேட்டைக்குள் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால், கிடங்குகளுக்கு நடுவில் ராஜகோபுரம். ஹாம் காமாட்சி அம்பாள் கோயில், 2002-ல் கும்பாபிஷேகம் ஆனது. எண்பதுகளில் போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் எழுப்பியது. தேர்த்திருவிழா ஜூன் வாக்கில் முடிந்துவிட்டது. அப்போது ஐரோப்பா முழுக்க இருந்து ஆயிரக்கணக்கில் வருவார்களாம்.

தீர்த்தம் எங்கே என்று கேட்டேன். "கால்வாயிலைதான் அண்ணை, பக்கத்திலை" என்றார் பிரசாதம் கொடுத்தவர். நடந்து போய்ப் பார்த்தேன். டாட்டெல்ன்–ஹாம் கால்வாய். கரிப்படகு போவதற்காக வெட்டியது, நேர்க்கோடு போட்டதுபோல் கிடக்கிறது. பின்னால் மின்நிலையத்தின் புகைபோக்கி. இதில்தான் அம்பாளுக்குத் தீர்த்தவாரி. கரையிலிருந்த ஜெர்மன் தூண்டில்காரர் தலையாட்டிக் கும்பிடு போட்டார். நம் ஆட்களிடம் பழகியவர்தான் போலிருக்கிறது.

புளியோதரையும் பருப்பும். இந்தப் பயணத்தில் வயிறு நிறைந்த முதல் நாள்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு – கொலோன்

ஞாயிறு என்றால் கடை கிடையாது. சட்டமே அப்படி. ரயில் நிலையத்துக் கடைகளும் சில பேக்கரிகளும்தான் திறந்திருந்தன. 157 மீட்டர் தேவாலயத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி. 1248-ல் ஆரம்பித்து 1880-ல் முடித்தார்களாம். நம் அரசு கான்ட்ராக்டர்களை இனிமேல் குறை சொல்ல மாட்டேன்.

குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தபோது கைத்தடியோடு ஒரு பெரியவர் கொஞ்சம் தள்ளி நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, கேனை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். காலி கேனைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட். அவர் பையில் இருபது முப்பது இருக்கும். நாங்கள் நின்ற அந்த அரை மணி நேரத்தில் இப்படி நான்கு பேர் வந்துபோனார்கள், எல்லாரும் வயதானவர்கள்.

ஆகஸ்ட் 15, திங்கள் – கவுப்

போன் முழுக்க 75 வருஷச் சுதந்திர தின வாழ்த்து. நாங்கள் இருப்பது 900 பேர்கூட இல்லாத ஒரு குட்டி ஊரில். ஆனால் இந்த வாரம் ஜெர்மனித் தொழில் உலகம் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லும் பெயர் இதுதான்.

கோப்லென்ஸ் தாண்டியதும் நதி ஸ்லேட் மலையை அறுத்துக்கொண்டு குறுகி ஓடுகிறது. இரண்டு பக்கமும் செங்குத்தான திராட்சைத் தோட்டம், திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு கோட்டை. கோட்டைகளில் பலவும் சுங்கச்சாவடிதான். கவுப்புக்கு எதிரே நடு ஆற்றில் 1327 வாக்கில் கட்டிய பால்ஸ்கிராஃபென்ஸ்டைன் அதற்கென்றே நிற்கிறது. கரையில் இருந்த ஒவ்வொரு குறுநில மன்னனும் படகை மறித்து வசூலித்தான். 1868-ல் மான்ஹைமில் போட்ட ஒப்பந்தம்தான் ரைனில் இனி யாரும் வரி வாங்கக் கூடாது என்று தீர்த்தது. அது இன்றும் செல்லும். டோல்கேட்டில் பாதி வாழ்நாளைக் கழித்தவன் சொல்கிறேன், இங்கே உள்ள கோட்டை எல்லாவற்றையும்விட அந்தக் காகிதம் பெரியது.

கவுப்பில் நதியின் அடி பாறை. மணலாக இருந்தால் வாரிவிடலாம், இது முடியாது. கடலிலிருந்து மேலே வரும் பாதையில் ஆழம் இங்கேதான் மிகக் குறைவு. எனவே ரோட்டர்டாமில் எவ்வளவு ஏற்றலாம் என்பதை இந்த ஊரின் நீர்மட்ட அளவுகோல்தான் சொல்கிறது. இன்று அது 40 சென்டிமீட்டருக்கும் கீழே. அதற்காக முழங்கால் அளவு தண்ணீர்தான் என்று நினைத்துவிட வேண்டாம். அளவுகோலின் பூஜ்யம் நதியின் அடி இல்லை. கப்பல் போகும் தடத்தில் அதற்கு மேல் இன்னும் ஒரு மீட்டர் சொச்சம் இருக்கும். 2018 அக்டோபரில் 25 வரை இறங்கியதுதான் மோசமான கணக்கு.

கோட்டையைச் சுற்றிச் சரளைக்கல் திட்டு வெளியே வந்திருந்தது. தண்ணீர் ஓட வேண்டிய இடத்தில் பிள்ளைகள் கல் பொறுக்கினார்கள். டிவிக்காரர்கள் கேமராவை நிறுத்திவிட்டுப் படகுக்குக் காத்திருந்தார்கள். ஒன்று வந்தது. பெரிய டேங்கர், வயிறு முழுக்க வெளியே தெரிய, மனுஷன் நடக்கிற வேகத்தில், பச்சை மிதவையை உரசுகிற மாதிரி போனது. கால்பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் இப்போது ஏற்றுகிறார்கள். அப்படியானால் அதே சரக்குக்கு மூன்று நான்கு படகு வேண்டும். படகு கிடைக்காது, வாடகை ஏறும். ஜூனில் ரோட்டர்டாமிலிருந்து கார்ல்ஸ்ரூவேவுக்கு எண்ணெய் கொண்டுபோக டன்னுக்கு 20 யூரோ போல இருந்தது, இப்போது 110. தாழ்நீர்க் கட்டணம் என்று ஒப்பந்தத்திலேயே படி வைத்திருக்கிறார்கள். கவுப்பில் இத்தனை சென்டிமீட்டர் என்றால் இத்தனை கூடுதல், ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் ஏற்றியே தீர வேண்டும் என்ற கடமையும் இல்லை. டீசல் விலை ஏறும்போதெல்லாம் சரக்குக்காரர்களோடு சண்டை போட்ட எனக்கு, இப்படி ஒரு அட்டவணை அப்போது கையில் இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

தங்கிய வீட்டுக்கார அம்மா உள்ளூர் ரீஸ்லிங் ஒரு கிளாஸ் கொடுத்தார். பகல் வெயிலை ஸ்லேட் கல் வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி கொடிக்குக் கொடுக்குமாம், அதனால்தான் இவ்வளவு வடக்கே திராட்சை பழுக்கிறது. இந்த வருஷம் வெயிலும் போதும், கொடியும் வாடுகிறது என்றார். கோட்டையைக் கேட்டு வருபவர்கள் இப்போது எல்லாரும் அளவுகோலைக் கேட்கிறார்களாம்.

இரவு தூக்கம் இல்லை. இரண்டு கரையிலும் ரயில் பாதை. எங்கள் கரையில் சரக்கு ரயிலாகவே விடியவிடிய ஓடியது. தண்ணீரில் போக முடியாத சரக்கு இதில் போகுமே என்றால், ரயிலிலும் இடம் இல்லையாம்.

ஆகஸ்ட் 17, புதன் – ஸ்ட்ராஸ்பூர்க், பிரான்ஸ்

நேற்று முழுக்க ரயில். லுட்விக்ஸ்ஹாஃபெனில் பிஏஎஸ்எஃப் ஆலை ஜன்னலில் முடிவே இல்லாமல் வந்தது. 10 சதுர கிலோமீட்டர், ஒரே இடத்தில் உலகின் மிகப் பெரிய ரசாயன ஆலைக் கூட்டம். காற்றிலிருந்து அம்மோனியா செய்யும் தொழிற்சாலை உலகத்தில் முதன்முதலாக 1913-ல் ஓடியது இங்கேதான். நம் யூரியா மூட்டையின் கதை இங்கிருந்து ஆரம்பிக்கிறது. அவர்கள் குறைந்த தண்ணீரிலும் ஓடக்கூடிய தட்டைக் கப்பலையே சொந்தமாக வடிவமைத்துவிட்டார்கள் என்று மகள் படித்துச் சொன்னாள்.

அதற்கு மேலே நிலம் விரிகிறது. இடது பக்கம் பிளாக் ஃபாரஸ்ட் மலை, வலது பக்கம் வோஜ் மலை, நடுவில் தரை இறங்கி உண்டான பள்ளத்தாக்கு. முன்பு நதி இங்கே நூறு கிளையாக வளைந்து திரிந்ததாம். 1817-லிருந்து டுல்லா என்ற பொறியாளரின் திட்டப்படி வெட்டி நேராக்கினார்கள். கொசுவும் மலேரியாவும் குறைந்தது, கீழே உள்ள ஊர்களில் வெள்ளம் கூடியது.

இன்று இடி, மழை! நனைந்தபடி சிரித்தவர்கள் நாங்கள் மட்டும் இல்லை. ஆனால் நதியில் இன்னொரு கூத்து. செயின்ட் கோவாருக்கும் ஓபர்வேசலுக்கும் நடுவே ஒரு சரக்குக் கப்பலின் எஞ்சின் பழுதாகி, அந்தக் குறுகிய தடமே அடைபட்டுவிட்டதாம்.

ஆற்றைத் தாண்டி ஜெர்மனியின் கேல் ஊருக்கு டிராம் போகிறது, 2017 முதல். 1871-க்கும் 1945-க்கும் நடுவில் இந்தக் கரை நான்கு தடவை கை மாறியது. இப்போது பாலத்தைத் தாண்டுபவர்கள் சிகரெட்டும் ஷாம்பூவும் வாங்கப் போகிறார்கள், ஜெர்மனியில் விலை குறைவு.

ஆகஸ்ட் 19, வெள்ளி – பாஸல், சுவிட்சர்லாந்து

பெருங்கப்பல் வரக்கூடிய கடைசி ஊர். கடலில் இருந்து ஜெர்மனியின் இஃபெஸ்ஹைம் வரை கப்பலை மேலே தூக்கிவிடும் மதகு ஒன்றுகூடக் கிடையாது. அங்கிருந்து பாஸலுக்குள் பத்து மதகு ஏறி வர வேண்டும். கடலே இல்லாத சுவிட்சர்லாந்துக்கு இதுதான் துறைமுகம்.

ஊருக்கு நடுவில் எஞ்சின் இல்லாத படகு ஒன்று. மேலே கட்டிய கம்பியில் கயிறு மாட்டி, சுக்கானைச் சாய்த்தால் ஓட்டமே அக்கரைக்குத் தள்ளிவிடும். ஏறக்குறைய இரண்டு பிராங்க். டீசல் செலவில்லாத ஒரே போக்குவரத்துத் தொழில், அதுவும் உலகத்திலேயே விலை அதிகமான ஊர் ஒன்றில். ஆபீஸ் முடிந்தவர்கள் துணியை மீன் வடிவப் பையில் சுருட்டிக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு நதியில் மிதந்தே வீட்டுப் பக்கம் போகிறார்கள். 1986 நவம்பர் 1-ஆம் தேதி ஊருக்கு மேலே உள்ள சாண்டோஸ் ரசாயனக் கம்பெனியின் கிடங்கு எரிந்து, அணைத்த தண்ணீரோடு பூச்சிமருந்து ஆற்றில் கலந்து, நதி சிவப்பாக ஓடியது. கீழே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு விலாங்கு மீன் செத்து மிதந்தது. ரைனைச் சுத்தம் செய்தே தீர வேண்டும் என்று கரையோர நாடுகள் தீவிரமாக இறங்கியது அதற்குப் பிறகுதான்.

மதியம் ஒரு மசால் தோசை 18 பிராங்க். ரூபாயில் கணக்குப் போடாதீர்கள்.

சாயங்காலம் 8-ஆம் நம்பர் டிராமில் ஜெர்மனியின் வைல் ஊருக்குப் போனோம். டிராம் முழுக்கக் காலிப் பையோடு பாஸல்காரர்கள். சுவிஸ் சம்பளம், ஜெர்மன் மளிகை. பில்லோடு பச்சைச் சீட்டை நிரப்பிச் சுங்க அலுவலகத்தில் முத்திரை வாங்கினால் ஜெர்மன் வரியும் திரும்பி வரும். முத்திரைக்கு ஒரு பெரிய வரிசை. எங்களுக்கு முன்னால் நின்றவர் திரும்பி, "இந்தியாவோ?" என்றார். யாழ்ப்பாணம், வந்து முப்பது வருஷம், மருந்துக் கம்பெனியில் வேலை. இந்த வருஷ விதிப்படி ஒரு ஆள் 300 பிராங்க் வரைக்கும் வரியில்லாமல் சாமான் கொண்டுபோகலாம், இறைச்சி என்றால் ஒரு கிலோதான் என்று விதி முழுக்கச் சொன்னார். அவர் கையில் மூன்று கிலோ ஆட்டிறைச்சி இருந்தது.

"உங்கட கையிலை இறைச்சி ஒண்டும் இல்லைத்தானே அண்ணை?" என்று கேட்டு, என்னிடம் ஒரு பொட்டலம், மகளிடம் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டார். அதோடு இரவுச் சாப்பாட்டுக்கும் கூட்டிப்போனார்.